மோரிப்பில் சுறா இருக்கிறதா?

கிள்ளான் பாசாரில் காலை ஆறரை மணிக்கு மீன் பகுதியில் கால் வைக்க இடமிருக்காது. தரையெல்லாம் ஐஸ் உருகிய தண்ணீர். அக்கா செருப்பை அழுத்தி ஊன்றிக்கொண்டு கடை கடையாகப் போய், "தம்பி, பால்சுறா இருக்கா?" என்று கேட்டபடி நடந்தார். அவர் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பத்தியச் சாப்பாட்டில் சுறாப் புட்டு இல்லையென்றால் அக்காவுக்கு மனசு ஆறாது. மூன்றாவது கடையில் கிடைத்தது. முழங்கை நீளம்தான். சாம்பல் முதுகு, வெளுத்த வயிறு, கூரான மூக்கு, ஐஸ் மேல் வாய் லேசாகத் திறந்து கிடந்தது. கூட வந்திருந்த ஏழு வயதுப் பேரன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான்.

"தாத்தா, இது கடிக்குமா?"

"செத்துப்போச்சுடா, இனிமே எங்க கடிக்கப்போவுது."

"இதோட அப்பா?"

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் மோரிப் கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு. இவன் மட்டும் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று மூன்று நாளாக அடம்பிடித்துக்கொண்டிருந்தான். கைப்பேசியில் ஏதோ ஒரு காணொளி: நீலத் தண்ணீர், நீந்தும் கால்கள், கீழிருந்து மேலே வரும் பெரிய வாய். "மோரிப்ல சுறா இருக்கா?" என்று நேராகவே கேட்டான். மீன்காரர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அது நல்ல கேள்வி. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாத கேள்வி.

இருக்கிறது என்பதே உண்மையான பதில். மலாக்கா நீரிணையில் சுறா உண்டு. நம் கரையோரச் சேற்றுக் கடலிலும் கண்டல் காட்டு முகத்துவாரங்களிலும் உலவுகிறவை பெரும்பாலும் சிறிய வகைகள். பால்சுறா ஒன்று. அதைவிடச் சின்னதாய், மண்வெட்டி போல் தட்டையான மூக்கோடு முக்கால் மீட்டரைத் தாண்டாத இன்னொரு வகை. பாறையிடுக்கில் பகலெல்லாம் அசையாமல் படுத்திருந்து இரவில் நண்டும் இறாலும் தேடும் மூங்கில் சுறா வேறொன்று. மலாய் மீனவர்கள் அதை 'யூ சிச்சாக்' என்பார்கள், பல்லிச்சுறா என்று பொருள். மனிதனின் காலடி கேட்டால் இவை விலகிப் போகும். இவற்றில் எதுவும் மனிதனை உணவாகப் பார்க்கும் அளவுக்குப் பெரியதில்லை.

பேரனின் விரலைப் பிடித்து அந்த மீனின் முதுகில் தலையிலிருந்து வால் நோக்கித் தடவச் செய்தேன். வழுவழுவென்று போனது. திரும்ப வாலிலிருந்து தலை நோக்கித் தடவச் சொன்னேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான், உப்புத்தாளில் தேய்த்தது போல் இருந்திருக்கும். சுறாவின் தோலில் மற்ற மீன்களுக்கு இருப்பது போன்ற செதில் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சிறு பற்களே தோல் முழுக்கப் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. பல் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. உள்ளே கூழ், அதன்மேல் பல் எலும்பு, அதற்கும் மேல் எனாமல் போன்ற கடினப் பூச்சு என்று நம் வாயில் இருக்கும் பல்லின் அமைப்பே அதற்கும். உடலெல்லாம் பல் முளைத்த மீன். அந்தச் சிறு பற்கள் நீரின் இழுப்பைக் குறைக்கின்றன, சுறா ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு போக உதவுகின்றன.

வீட்டில் அக்கா அதை மஞ்சள் போட்டு அவித்துத் தோலை உரிக்கும்போது சமையலறையில் லேசாக ஒரு காரநெடி எழுந்தது. சுறா சமைக்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்த நெடி அது. கடல்நீரின் உப்பு மீனின் உடலிலிருந்து தண்ணீரை ஓயாமல் வெளியே இழுக்கும். சாதாரண மீன்கள் கடல்நீரைக் குடித்து, உப்பை வெளியேற்றி ஈடுகட்டுகின்றன. சுறா வேறு வழி கண்டது. நாம் சிறுநீரில் கழித்துவிடும் யூரியாவை அது ரத்தத்திலும் தசையிலும் சேர்த்து வைத்துக்கொண்டு, தன் உடலின் செறிவைக் கடலின் செறிவுக்குச் சமமாக்கிக்கொள்கிறது. இறந்தபின் நுண்ணுயிர்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றும். அதனால்தான் சுறா அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்று அக்கா பார்த்துப் பார்த்து வாங்குகிறார். அவித்த சதையை உதிர்த்து, இறுகப் பிழிந்து, பிறகுதான் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு சட்டியில் போடுகிறார். வேதியியலை யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் அம்மாக்கள் கண்டுபிடித்த முறை.

ஆங்கிலத்திலும் இந்த மீனுக்குப் 'பால் சுறா' என்று பொருள்படும் பெயர்தான். இதைத் தின்றால் தாய்க்குப் பால் ஊறும் என்ற இந்தியக் கரையோரத்து நம்பிக்கையிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் தாய்க்கும் இந்த மீனுக்கும் இதைவிட நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பாசாரில் அந்தச் சுறாவைப் புரட்டியபோது, முன் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே வயிற்றில் நெல்மணி அளவில் ஒரு வெளிர்த் தழும்பு தெரிந்தது. அது தொப்புள். பால்சுறா முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. கருவிலிருக்கும் குட்டி மஞ்சள்கருவைத் தின்று தீர்த்ததும், காலியான அந்த மஞ்சள்கருப் பை தாயின் கருப்பைச் சுவரில் ஒட்டி நஞ்சுக்கொடியாகிறது. அதன்பின் குட்டிக்குத் தாயின் ரத்தம் வழியாக உணவு போகிறது. ஏறக்குறைய ஓர் ஆண்டு சுமந்து, ஒரு பேற்றுக்குச் சில குட்டிகளை மட்டும் ஈனும். மண்வெட்டி மூக்குச் சுறாவிடம் இந்த ஏற்பாடு இன்னும் முன்னேறியது. அதன் முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட முழு வளர்ச்சியும் தாயின் ஊட்டத்தில்தான் நடக்கிறது. வீட்டுத் தொட்டிலில் கிடந்த ஒன்பது நாள் குழந்தைக்கு அப்போதுதான் தொப்புள்கொடி விழுந்திருந்தது. இரண்டையும் ஒரே காலையில் பார்த்தது என்னை நெடுநேரம் விடவில்லை.

சரி, கடிக்கிற சுறா எது?

உலகில் 500-க்கும் மேற்பட்ட சுறா வகைகள் உண்டு. பாதிக்கு மேல் ஒரு மீட்டரைக்கூட எட்டாதவை. மனிதரைக் கடித்துக் கொன்றதாகப் பதிவானவற்றில் பெரும்பங்கு மூன்று வகைகளின் பேரில்தான்: வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச் சுறா. வெள்ளைச் சுறா குளிர்ந்த, மிதமான கடல்களை விரும்புவது. மற்ற இரண்டும் வெப்பக் கடல்களுக்கு உரியவை, நம் பக்கத்துக் கடலிலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. காளைச் சுறா ஆற்றுக்குள்ளும் ஏறி வரக்கூடியது. இருந்தும் மலேசியக் கரைகளில் சுறாக்கடி மிக அரிது.

இதையெல்லாம் யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா என்றால், வைத்திருக்கிறார்கள். 1958-இல் தொடங்கிய பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவேடு இப்போது அமெரிக்காவின் புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சம்பவத்தையும் அவர்கள் விசாரித்து இரண்டாகப் பிரிக்கிறார்கள். சுறாவை மனிதன் தொட்டது, தூண்டிலிலிருந்து கழற்றியது, இரை போட்டது, ஈட்டியால் குத்தியது என்றால் அது மனிதன் தூண்டிய கடி. இவை எதுவுமில்லாமல் நடந்தது தூண்டாத கடி. 2023-இல் உலகம் முழுவதும் தூண்டாத கடிகள் 69, அவற்றில் இறந்தவர்கள் 10 பேர். 2024-இல் 47 கடிகள், 4 சாவுகள். பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தவை. கோடிக்கணக்கான மக்கள் கோடிக்கணக்கான முறை கடலில் இறங்கி ஏறும் ஓர் ஆண்டில் நடந்தது இவ்வளவுதான். இறந்த ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் பிள்ளை என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் பயத்தின் அளவையும் நிகழ்வின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பொருத்தமே இல்லை.

"சுறா பக்கத்தில் வராததால்தான் கடிப்பதில்லை" என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கலிபோர்னியாவின் லாங் பீச் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டு தென் கலிபோர்னியக் கடற்கரைகளின் மேல் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் இடங்களில், அவர்கள் பார்த்த நாள்களில் 97 விழுக்காட்டு நாள்களில் மனிதரும் சுறாவும் ஒரே நீரில் அருகருகே இருந்தார்கள். அலைப்பலகைக்காரர்களின் காலடியில் இரண்டு மூன்று மீட்டர் சுறா கடந்து போகிறது, மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. சுறா அவர்களைப் பார்க்கிறது, கடந்து போகிறது. அந்தக் கரைகளில் கடி என்பது அபூர்வம். இந்தப் படங்களைப் பேரனுக்குக் காட்டினேன். அவன் நீண்ட நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஏன் சில நேரம் கடிக்கிறது? சுறாவுக்குக் கை கிடையாது. தெரியாத பொருளைத் தொட்டுப் பார்க்க வாயைத் தவிர வேறு வழியில்லை. புளோரிடாவில் நடக்கும் கடிகளில் பல, கலங்கிய அலைநுரைக்குள் சிறுமீன் கூட்டத்தைத் துரத்திப் பாயும் சுறா, இடையில் வந்த மனிதப் பாதத்தைப் பற்றிவிட்டு உடனே விட்டுப் போவதால் நேர்வது. பெரிய சுறா அப்படி ஒரு முறை பற்றினாலே ரத்தம் நிற்காமல் போய் உயிர் போகக்கூடும். அதனால்தான் கடிபட்டவரைக் கரைக்கு இழுத்ததும் முதல் வேலையாகக் காயத்தை இறுக அழுத்தி ரத்தத்தை நிறுத்தச் சொல்கிறார்கள்.

மோரிப், போர்ட்டிக்சன் பக்கத்துத் தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். அதில் சுறாவுக்குக் கண் அவ்வளவாக உதவாது. அப்போது அது நம்மிடம் இல்லாத ஒரு புலனால் உலகை அறிகிறது. பாசாரில் கிடந்த அந்தச் சுறாவின் மூக்கைச் சுற்றிக் குண்டூசியால் குத்தியது போல் கரும்புள்ளிகள் இருந்தன. விரலால் அழுத்தினால் அவற்றிலிருந்து தெளிந்த பசை கசியும். 1678-இல் இத்தாலியர் ஸ்டெஃபானோ லோரென்சினி இவற்றை விரிவாக எழுதிவைத்தார். இவை எதற்கு என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. பசை நிறைந்த அந்தக் குழல்கள் மின்சாரத்தை உணரும் கருவிகள். உயிருள்ள எந்த உடலும் நெஞ்சு துடிக்கும்போதும் தசை அசையும்போதும் மிக நுண்ணிய மின்புலத்தை நீரில் பரப்புகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழான மின் வேறுபாட்டைச் சுறா உணர்ந்துவிடும். மணலுக்கடியில் மூச்சை அடக்கிப் புதைந்திருக்கும் தட்டைமீனை அது கண்ணால் பார்க்காமல் தோண்டி எடுப்பது இப்படித்தான். ஒரு மைலுக்கு அப்பால் விழுந்த ஒரு சொட்டு ரத்தத்தை மோப்பம் பிடிக்கும் என்று சொல்வது மிகை. வாசனை நீரோட்டத்தோடு வந்து சேர வேண்டும், அதற்கு நேரமும் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு கிள்ளானில் கோமுட்டர் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி, எல்ஆர்டி மாறி கேஎல்சிசி போனேன். அங்கே கடற்காட்சியகத்தில் 90 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற குகைவழி. தலைக்கு மேல் மணல்புலிச் சுறா ஒன்று மெல்லக் கடந்தது. வாய் திறந்தபடி, ஊசிப் பற்கள் தாறுமாறாக வெளியே நீட்டி, பார்க்கிற குழந்தை அலறாமல் இருக்க முடியாத முகம். ஆனால் மனிதர் விஷயத்தில் அது சாதுவானது. மீனை நழுவவிடாமல் பிடிக்கத்தான் அந்த ஊசிப்பற்கள். சதையை அறுத்தெடுக்க உதவாதவை. மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, அந்த மிதப்பில் அசையாமல் நிற்கக்கூடியது. இதன் கொடூரமெல்லாம் பிறப்பதற்கு முன்னேயே முடிந்துவிடும். தாயின் இரண்டு கருப்பைகளிலும் முதலில் வளர்ந்த குட்டி தன் உடன்பிறப்புகளைத் தின்றுவிடும். கடைசியில் பிறப்பது ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே குட்டிகள். பேரனிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன். அவன் அதற்குள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்து நின்றிருந்தான்.

தமிழர்கள் சுறாவோடு ஒரே நீரில் பிழைத்தது நேற்று இன்று தொடங்கியதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக மூச்சடக்கி, சிப்பி பொறுக்கி ஏறியவர்கள். சுறா பயம் அவர்களுக்கு நிறையவே இருந்தது. அதற்காகவே 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். கடலைக் கட்டுகிறவர் என்பது பொருள், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. அவர் கரையில் இருந்து மந்திரம் ஓதாமல் படகுகள் புறப்படாது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீனைக் கட்டுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாகச் சொல்கிறார். பிரிட்டிஷ் அரசும் அந்தப் பதவியை ஏற்றுச் சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததால் இல்லை. அவர் இல்லாவிட்டால் குளியாளர் ஒருவரும் இறங்க மாட்டார்கள் என்பதால்.

1845 முதல் 1850 வரை இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இதைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் முத்துக்குளிப்பில் சுறாவால் நேர்ந்ததாக உறுதியாகத் தெரிந்த விபத்துகள் விரல்விட்டு எண்ணும் அளவே. நூற்றுக்கணக்கான படகுகள், ஓயாத கூச்சல், கல்லோடு தொப்தொப்பென்று விழும் ஆட்கள். அந்த ஆரவாரமே சுறாவை விரட்டியிருக்கும் என்பது அவர் எண்ணம். கடல்கட்டி தோற்காததற்குக் காரணம் சுறாவின் இயல்புதான் என்றாலும், அவர் செய்த வேலை வீணில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பதறுகிற மனிதன் நீருக்கடியில் மூச்சடக்க முடியாது. அந்தப் பதற்றத்தை அவர் கட்டிப்போட்டார்.

இன்னும் பின்னால் போனால், பட்டினப்பாலையில் பரதவர்கள் சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபடுகிறார்கள். அது வேளா என்னும் ரம்பமீனின் பல் முளைத்த நீள மூக்காக இருக்க வேண்டும், சுறாவுக்கு நெருங்கிய உறவு. மன்மதனுக்கே சுறவக்கொடியோன் என்று பெயர். நம் மொழியில் சுறா தெய்வத்தின் அருகிலும் அடுப்பின் அருகிலும் இருந்தது. கூட்டம் கூட்டமாகக் கரையை விட்டு ஓடவைக்கும் பூதமாக அது மாறியது வேறு ஊரில். 1916 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையில் பன்னிரண்டு நாளில் நான்கு பேர் சுறாக்கடியில் இறந்தார்கள். 1974-இல் பீட்டர் பெஞ்ச்லி நாவல் எழுதினார், 1975-இல் அது 'ஜாஸ்' படமானது. உலகம் முழுக்க ஒரு தலைமுறை கால் எட்டாத தண்ணீரைக் கண்டு நடுங்கியது. பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கும் வேலைக்கே தன்னைக் கொடுத்தார். பழிவாங்கும் சுறா என்ற கற்பனைக்காக அவர் மனப்பூர்வமாக வருந்தினார்.

வருந்த வேண்டிய கணக்கு இதுதான். மனிதர் ஓர் ஆண்டில் கொல்லும் சுறாக்கள் ஏறத்தாழ எட்டுக் கோடி என்று 2024-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970-லிருந்து 71 விழுக்காடு சரிந்துவிட்டது. நெத்திலி போல ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு ஈடுகட்டும் இனம் இது இல்லை. பல ஆண்டு வளர்ந்து, பல மாதம் சுமந்து, சில குட்டிகள் ஈனும் இனம். சுறா அதிகம் பிடிக்கும் உலக நாடுகளின் முன்வரிசையில் மலேசியாவும் இருக்கிறது. சட்டம் இல்லாமலில்லை. திமிங்கலச் சுறாவும் வேளாவும் 1999-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் இங்கே பாதுகாக்கப்பட்டவை. 2019-இல் பெரிய கொம்பன் சுறா உள்ளிட்ட மேலும் சில வகைகள் சேர்க்கப்பட்டன. பால்சுறாவுக்கு அப்படிப் பாதுகாப்பு எதுவுமில்லை. ஐஸ் மேல் கிடந்த அந்த முழங்கை நீளச் சுறாவை நினைத்துக்கொள்கிறேன். முக்கால் மீட்டராவது வளர்ந்தால்தான் அது தாயாக முடியும். தொப்புள் தழும்பு மறைவதற்குள் வலையில் விழுந்த குட்டி அது. அக்காவிடம் இதைச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: கடலில் வேட்டையாடும் மீன்களின் உடலில் பாதரசம் சேர்கிறது, சுறா பெரிதாக ஆக அதிகம் சேரும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பிள்ளைத்தாய்ச்சிகளும் பாலூட்டுகிறவர்களும் தவிர்க்கச் சொல்லும் மீன்களில் சுறாவும் ஒன்று. அக்கா கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வாட்டி நெத்திலி வாங்கிக்கலாம்," என்றார்.

கடலில் பயப்பட வேண்டியவை உண்டு. அவற்றுக்குத் துடுப்பு மேலே தெரியாது. பெட்டி போன்ற உடலுள்ள கண்ணாடி நிறச் சொறிமீன் கொட்டி மலேசியாவில் உயிர் போயிருக்கிறது. கொட்டினால் மணல் போட்டுத் தேய்க்காமல் வினிகரை அரை நிமிடமாவது ஊற்ற வேண்டும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சேற்று மணலில் புதைந்திருக்கும் திருக்கையை மிதித்தால் அது வால் முள்ளால் குத்தும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் அது அதிர்வை உணர்ந்து தானே விலகிப்போகும். தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் கருநுனித் துடுப்புச் சுறா முழங்கால் ஆழத்திலேயே சுற்றும். ஒன்றரை மீட்டர் நீளம், கூச்ச சுபாவம். அதற்கு இரை போடாமல், குறுக்கே கால் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதைவிட அழகான காட்சி இல்லை.

மோரிப்பின் ஆபத்து இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, கண்ணெதிரே இருப்பது. இந்தியப் பெருங்கடலின் ஓதம் மலாக்கா நீரிணையின் அகன்ற வடக்கு வாயில் நுழைந்து தெற்கே குறுகக் குறுக நீர் குவிகிறது. கிள்ளான் துறைமுகப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் நீர்வற்றுக்கும் நீரேற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். கரையோ தட்டையான சேறு. நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஆழம் கூடும் சரிவு என்று வைத்துக்கொண்டால், ஆறு மணி நேரத்தில் கடல் நானூறு மீட்டர் முன்னேறி வர வேண்டும். அதுவும் ஒரே வேகத்தில் வராது. நடு இரண்டு மணி நேரத்தில் பாதி வந்துவிடும், நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல். மட்டி பொறுக்கிக்கொண்டு வெகுதூரம் போன பிள்ளைக்கு முன்னால் தண்ணீர் ஏறுவது தெரியாது. பின்னால் இருக்கும் பள்ளங்கள் முதலில் நிறைந்து வழியை மறித்துவிடும். 1945 செப்டம்பர் 9-ஆம் நாள் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இதே மோரிப்பில் இறங்கின. ஜப்பான் அதற்குள் சரணடைந்துவிட்டதால் சுட யாருமில்லை. அப்படியிருந்தும் வண்டிகள் வரிசையாகச் சேற்றில் புதைந்து நீரில் மூழ்கின.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். நம் நாட்டிலும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்கள், அவர்களில் பிள்ளைகள் நிறைய. மூழ்குகிறவர் சினிமாவில் காட்டுவது போல் கையை ஆட்டிக் கத்த மாட்டார். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது. தலை பின்னால் சாய, கண் வெறிக்க, ஓசையில்லாமல் அமிழ்ந்துபோவார். பத்தடி தூரத்தில் பாயில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிறவர்களுக்குத் தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் துடுப்பைத் தேடாமல் பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

சனிக்கிழமை மோரிப் போனோம். பௌர்ணமிக்கு மறுநாள். பட்டினப்பாலைப் பரதவர்கள் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் கரையிலேயே உண்டு ஆடினார்கள் என்பது நினைவுக்கு வந்தது. சவுக்கு மரத்தடியில் கிடந்த ஒரு குச்சியை எடுத்துப் பேரனிடம் கொடுத்து, தண்ணீர் தொடுகிற இடத்தில் நடச் சொன்னேன். தயங்கித் தயங்கிப் போய் நட்டுவிட்டு ஓடிவந்தான். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். குச்சியின் அடி நனைந்தது. சிறிது நேரத்தில் அது தண்ணீருக்கு நடுவே தனியாக நின்றது.

"தாத்தா, கடல் நடக்குது!"

அவன் கணுக்கால் நீரில் இறங்கி, பாதத்தை இழுத்து இழுத்து நடந்து, குச்சியைப் பிடுங்கி வந்து மேலே நட்டான். மறுபடி நீர் அதைத் தாண்டியது. மறுபடி போய் எடுத்தான். நான்காவது முறை போனபோது தண்ணீர் அவன் முழங்காலைத் தொட்டது. திரும்பி என்னைப் பார்த்தான், நான் கூப்பிடுவதற்கு முன்பே குச்சியை அங்கேயே விட்டுவிட்டுக் கரைக்கு வந்தான்.